தைத்த கப்பலும் அறைந்த கப்பலும்

அண்மையில் ஒரு விழா மலர் கைக்கு வந்தது. அட்டையில் ஒரு கப்பல். பின்புறம் மாளிகை போல உயர்ந்து, அதிலே சன்னல்கள் வைத்து, பாய் விரித்துக் கரையை நோக்கி வருகிறது. நமது முன்னோர் அரேபியாவிலிருந்து வந்த காட்சியாம். கல்முனைப் பக்கம் பள்ளிவாசல் வரலாறு, பாடசாலை வரலாறு என்று எது வெளிவந்தாலும் அநேகமாக இந்தக் கப்பல்தான் முன்னால் வந்து நிற்கும். முன்பொருமுறை ஒரு மலருக்கு இதே மாதிரிப் படத்தைத் தெரிவு செய்து கொடுத்தவன் நான். ஆகவே மற்றவர்களைக் குறைசொல்லும் தகுதி எனக்கு அவ்வளவாக இல்லை.

கரைவலைத் தொழிலில் ஆயுளைக் கழித்த என் சாச்சாவிடம் அட்டையைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கு எத்தின ஆணி அறைஞ்சிருப்பானுகள் மகன்? இத எங்கட கரையில ஏத்தேலா" என்றார்.

அவர் சொன்னதில் வரலாறு இருக்கிறது. படத்தில் உள்ளது பிந்திய கப்பல். தட்டையாக வெட்டிய அந்தப் பின்புறம், 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயக் கப்பல்கள் இந்தக் கடலுக்குள் வந்த பிறகு அரபுக் கப்பல்களிலும் பரவிய அமைப்பு. அதற்கு முந்திய கப்பலுக்கு இரண்டு முனையும் கூர். அதைவிட முக்கியமான வேறுபாடு பலகையோடு பலகை சேர்ந்த விதம். பழைய கப்பலில் பலகைகளின் ஓரத்தில் துளையிட்டு, தும்புக் கயிற்றால் தைத்தார்கள். இரும்பாணி இல்லை. அரபிகள் கன்பார் என்று எழுதியது இந்தக் கயிற்றைத்தான்.

ஏன் தைத்தார்கள்? கடலடியில் காந்தமலை இருக்கிறது, ஆணியை இழுத்துக் கப்பலைப் பிரித்துவிடும் என்றொரு கதை நெடுங்காலம் நடமாடியது. 6ஆம் நூற்றாண்டிலேயே புரோகோப்பியஸ் அதை மறுத்துவிட்டார். 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா சொல்லும் காரணம் நேரானது: ஆணியடித்த கப்பல் பாறையில் மோதினால் உடையும், தைத்த கப்பல் வளைந்து கொடுக்கும். அவருக்கு முன்னர் ஹோர்முஸில் அதே வகைக் கப்பலைப் பார்த்த மார்க்கோ போலோவுக்கு அது பிடிக்கவில்லை. மோசமான கப்பல்கள், பல மூழ்கிப் போகின்றன என்று எழுதினார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. தைத்த கப்பல் நீர் கசியும். உள்ளே இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தையலைக் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும். ஆணிக் கப்பல் இறுக்கமானது, கூடிய பாரம் தாங்கும், பீரங்கி சுட்டாலும் குலுங்கிப் பிரியாது. துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்கு அது நல்லது. அலை அடிக்கும் வெறுங்கரையில் இழுத்து ஏற்ற வேண்டுமானால் தையலே மேல். ஆணியைப் போர்த்துக்கேயன்தான் நமக்குக் காட்டினான் என்றும் எழுதிவிடக் கூடாது. ஆணியடித்த சீனக் கப்பல்களை இப்னு பதூதாவே கள்ளிக்கோட்டையில் கண்டிருக்கிறார்.

பழைய கப்பல் இன்றும் ஓடுமா என்று இரண்டு தடவை பரீட்சித்தார்கள். 1980இல் டிம் செவரின் ஓமானின் சூர் நகரில் 'சொஹார்' என்ற கப்பலைக் கட்டி, 1981இல் சீனத்துக் கன்டோன் வரை ஓட்டினார். 2010இல் 'ஜுவல் ஒஃப் மஸ்கட்' கொச்சி, காலி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது. இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே 1998இல் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ கி.பி. 830ஐச் சேர்ந்த கப்பலைப் பார்த்துக் கட்டியது அது.

என்னை நிறுத்திவைத்தது சொஹார் பற்றிய ஒரு விவரம். கட்டியது ஓமானில். மரம் வந்தது மலபாரிலிருந்து. தைக்கத் தெரிந்த கைகளை இலட்சத்தீவின் அகத்தியிலிருந்து அழைத்துப்போக வேண்டியிருந்தது. இது புதிய ஏற்பாடு அல்ல. 10ஆம் நூற்றாண்டில் அபூ ஸைத் அஸ்ஸீராபி எழுதியிருக்கிறார்: ஓமான்காரர் தச்சுக் கருவிகளோடு தென்னை விளையும் தீவுகளுக்குப் போவார்கள், மரத்தை அங்கேயே வெட்டிப் பலகையாக்குவார்கள், தும்பைத் திரித்துத் தைப்பார்கள், ஓலையில் பாய் முடைவார்கள், தேங்காயை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். கப்பல் முழுக்கத் தென்னை, சரக்கும் தென்னை!

இந்த இடத்தில்தான் நமது பழைய வழக்கொன்று ஞாபகம் வருகிறது. சோனகர் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் கட்டுரை படித்தார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு மறுப்பு எழுதினார். அதன் அரசியல் தேவையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சட்டசபையில் நமக்கென்று ஓர் ஆசனம் என்பது அன்று சிறிய காரியமா? ஆனால் இரு தரப்பும் ஒரு முடிந்த கப்பலை மனதில் வைத்தே பேசினார்கள் என்று எனக்குப் படுகிறது: அங்கே கட்டி, அங்கே ஆள் ஏற்றி, இங்கே வந்து இறக்கியது போல. பழைய மரக்கலம் அப்படிப் பிறக்கவில்லை. தச்சன் ஒரு கரை, மரம் ஒரு கரை, கயிறு ஒரு கரை. அதில் வந்தவன் மலபாரிலும் மாலைதீவிலும் மாதக்கணக்காகத் தங்கி, சில வேளை பெண்ணெடுத்து, பிறகு காற்றுப் பார்த்துப் புறப்பட்டவன். சிங்களவர் நம்மை "மரக்கல" என்று சொல்லும்போது சிலருக்குக் கோபம் வருகிறது. எனக்கு வருவதில்லை. எந்த மரக்கலம் என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

நமது கரைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. போர்த்துக்கேயர் விரட்டிய நாலாயிரம் முஸ்லிம்களைச் செனரத் மன்னன் 1626இல் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தியதாகக் குவேரோஸ் பாதிரியார் எழுதுகிறார். அவர்கள் வந்தது கண்டிச் சீமை வழியாக, கால்நடையாக. அட்டையில் கப்பலுக்குப் பக்கத்தில் ஒரு பொதிமாட்டையும் வரைந்தால் தவறில்லை.

தையலை நேரில் பார்க்க நீர்கொழும்புக்குத்தான் போக வேண்டும். அங்கே களப்பில் பாய் விரித்து ஓடும் ஒருவ என்ற தோணியில் பக்கப்பலகையைத் தும்புக் கயிற்றால் தைத்த முறை இருக்கிறது. எங்கள் கரையில் இப்போது கண்ணாடிநார்ப் படகுகள். 2004 சுனாமி மிச்சமிருந்த மரத்தோணிகளையும் வாரிப்போக, உதவியாக வந்தவை பெரும்பாலும் அவைதான். நல்ல படகுகள், பாரம் குறைவு, பராமரிப்பும் குறைவு. சாச்சாவும் அதை ஒத்துக்கொள்கிறார். வெடித்தால்தான் பிசினும் நார்விரிப்பும் கடையில் வாங்க வேண்டும். "முந்தி மட்டைய ஊறப்போட்டு, தும்படிச்சு, கயிறு திரிக்கிறது பொம்புளையள். தோணில பாதி அவங்கட கையிதான். அத ஒருத்தரும் எழுதல்லையே மகன்" என்றார்.

கயிறு திரித்த மூதாட்டிகள் ஊரில் இன்னும் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். மூன்று பேர் சொன்னார். அதில் ஒருவருக்குக் காது கேட்காது. மற்ற இருவரிடமும் அடுத்த வெள்ளி போவதாக இருக்கிறேன்.