போல்ட் போட்டுச் சேர்த்த கார்

ஐம்பது அறுபது வருடங்களுக்கு முன்னால் நம் ரோடுகளில் ஓடியவை முக்கியமாக மூன்று கார்கள்தான். கல்கத்தா பக்கத்து அம்பாசிடர், பம்பாய் ஃபியட், நம் ஊர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. முதல் இரண்டைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். ஹெரால்டு நம் வண்டலூர் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் பிறந்தது என்பதே இன்று பலருக்கு ஞாபகம் இல்லை. மூன்றிலும் அதை மட்டும்தான் பென்ஷன் வாங்குகிற ஒருவர் வீட்டு வாசலிலேயே கழற்றி மாட்ட முடியும். அதற்குக் காரணம் இங்கிலாந்தில் நடந்த ஒரு வியாபாரச் சிக்கல்.

1950களில் கோவென்ட்ரி ஸ்டாண்டர்டு கம்பெனிக்குக் கார் உடம்பு செய்து கொடுத்தது ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற தொழிற்சாலை. 1953ல் அதைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. புதிய மாடலுக்கு இனி உடம்பு கிடைக்காது என்று ஆயிற்று. அந்தக் காலத்தில் எல்லாரும் அடிச்சட்டமும் மேல்கூடும் ஒன்றாக வெல்டு செய்த உடம்புக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். நம் அம்பாசிடரும் ஃபியட்டும் அந்த வகைதான். அப்படிப்பட்ட பெரிய உடம்பை அழுத்திக் கொடுக்க ஸ்டாண்டர்டுக்கு ஆள் இல்லை. அதனால் எஞ்சினியர் ஹாரி வெப்ஸ்டர் பழைய வழிக்கே திரும்பினார். கீழே தனிச் சட்டம், மேலே துண்டு துண்டாக உடம்பு, ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு சின்னப் பட்டறையிலிருந்து. எல்லாவற்றையும் போல்ட் போட்டுச் சேர்த்துக்கொள்வது. தோற்றத்தை வரைந்து கொடுத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கெலோட்டி. 1959 ஏப்ரலில் ட்ரையம்ப் ஹெரால்டு வெளிவந்தது.

வேறு வழியில்லாமல் செய்த அந்த ஏற்பாடு நம் மாதிரி ஊருக்கு வசதியாகப் போயிற்று. துண்டுகளாகப் பெட்டியில் வந்தால் சேர்ப்பதற்குப் பெரிய யந்திரங்கள் வேண்டாம். மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஏற்கெனவே வேன்கார்டு, ஸ்டாண்டர்டு டென் எல்லாம் செய்துகொண்டிருந்தது. 1961ல் ஹெரால்டும் வந்தது. பெயர் மட்டும் ட்ரையம்ப் போய் ஸ்டாண்டர்டு. வருடா வருடம் உள்நாட்டுச் சாமான் கூடிக்கொண்டே போனது. பாடியில் 1961ல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962ல் பிரேக்ஸ் இந்தியா என்று உதிரிபாகத் தொழில் நம் ஊரில் வேர் பிடித்ததும் அதே வருடங்களில்தான்.

ஆரம்பத்தில் வந்தவை இரண்டு கதவு வண்டிகள். சேலை கட்டிய பாட்டிகளும் அத்தைகளும் முன் சீட்டை மடக்கிப் பின்னால் ஏறி உட்கார்வதற்குள் முகூர்த்தம் தப்பிவிடும். அதனால் 60களின் பிற்பகுதியில் நான்கு கதவு ஹெரால்டு இங்கேயே உருவானது. இங்கிலாந்தில் அது கிடையவே கிடையாது. பிறகு வந்த கெஸல் 1977 வரை ஓடியது. பின் சக்கரங்கள் தனித்தனியாக மடங்குகிற ஹெரால்டு அமைப்பு நம் மெக்கானிக்குகளுக்குப் பிடிக்கவில்லை என்று கெஸலில் நேரான ஆக்ஸில் போட்டார்கள். 1985ல் ஸ்டாண்டர்டு 2000 என்று பெரிய கார் ஒன்று வந்தது. அதற்குள் மாருதி ரோட்டுக்கு வந்துவிட்டது. மூன்று வருடத்தில் அதுவும் நின்றுபோனது.

எங்கள் அத்தான் வாங்கியது செகண்ட் ஹேண்ட் இரண்டு கதவு ஹெரால்டு. அவர் போன பிறகு தாம்பரம் வீட்டுக் கொட்டகையில் இருபது வருடம் நின்றது. வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்றதும் அக்கா கூப்பிட்டாள். "காயலான் கடைக்காரன் வந்து விலை பேசிட்டுப் போயிருக்கான். நீ எடுத்துக்கிறதா இருந்தா எடுத்துக்கோ, இல்லேன்னா ஒரு வார்த்தை சொல்லிடு" என்றாள். எடுத்துக்கொண்டேன். மாதம் நாலாயிரம் ரூபாய்க்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று வீட்டில் உத்தரவு. வேலையின் வரிசையை அந்த நாலாயிரம்தான் தீர்மானித்தது. கண்ணுக்குத் தெரிகிற பெயிண்ட், குரோமியம் எல்லாம் கடைசி. உயிர் சம்பந்தப்பட்டது முதலில்.

முதலில் பார்க்க வேண்டிய இரண்டுக்குக் காசே தேவையில்லை. ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு எஞ்சின் முன்னால் இருக்கும் புல்லியைப் பாருங்கள். அது கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னால் நகர்ந்தால் கிராங்கைப் பிடித்திருக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அப்படியே ஓட்டினால் வாஷர் கழன்று எஞ்சினுக்குள் விழும். எங்கள் வண்டியில் மயிரிழைதான் நகர்ந்தது. பெரிய செலவு ஒன்று தப்பியது.

இரண்டாவது முன் சக்கரம். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துக் கம்பியின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சுழலும். இதற்குப் பெயர் ட்ரன்னியன். கம்பெனிப் புத்தகம் இதற்குக் கெட்டியான கியர் ஆயில் விடச் சொன்னது. எனக்குத் தெரிந்த மெக்கானிக்குகள் பலரும் மற்ற கார்களில் பழகிய கையோடு கிரீஸ் அடித்தார்கள். கிரீஸ் மரை முழுக்கப் போய்ச் சேராது, நாளடைவில் காய்ந்தும் போகும். மரை தேய்ந்து, துருவேறி, ஒரு நாள் திருப்பத்தில் கம்பி ஒடிந்து சக்கரம் படுத்துக்கொள்ளும். ரோட்டோரத்தில் முன்காலை மடித்து உட்கார்ந்த ஹெரால்டை நம் வயசுக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். ஹெரால்டு வலுவில்லாத வண்டி என்ற பேச்சில் பாதி அந்தக் கிரீஸ் கன்னிலிருந்து வந்தது என்பது என் அபிப்பிராயம். இரண்டு பக்கமும் கழற்றினேன். ஒரு கட்டையில் மரை போயிருந்தது. புதுப்பேட்டையில் மூன்று சனிக்கிழமை அலைந்து ஒரு ஜோடி பிடித்தேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிட்டு, "இதைக் கேட்டு ஆள் வந்து பத்து வருஷமாச்சு சார்" என்றார். அந்த மாத நாலாயிரம் அதிலேயே போயிற்று.

பிரேக் நான்கும் டிரம். சிலிண்டர்களை லேத் பட்டறையில் கொடுத்து ஸ்லீவ் போட்டு, ரப்பர் கிட் மாற்றினால் போதும். சக்கரம் 13 அங்குலம், ஆகவே இன்றைய சின்னக் கார் டயரில் பொருந்துவது கிடைக்கும். ஸ்பேனர் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. எல்லாம் அங்குலக் கணக்கு: 7/16, 1/2, 9/16. மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டு நட்டின் மூலையை உருட்டிவிட்டால் பிறகு உளிதான்.

எஞ்சின் 948 சி.சி. இதே குடும்பம்தான் ஸ்டாண்டர்டு டென்னிலும் கெஸலிலும். இங்கிலாந்தில் இதையே பெரிதாக்கி 1980 வரை ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயரில் போட்டார்கள். அந்தக் காருக்கு அங்கே ரசிகர்கள் அதிகம், ஆகவே சில சாமான்கள் இன்னும் புதிதாகச் செய்கிறார்கள். வரவழைத்தால் சாமான் விலையைவிடத் தபாலும் சுங்கமும் அதிகம். ஆகவே காஸ்கெட் செட் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். ஹெட்டை இறக்கியபோது எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் போடச் சொன்னேன். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்தது, அது 2000த்தோடு இங்கே நின்றுவிட்டது. இப்போது எத்தனால் வேறு கலக்கிறார்கள். பெட்ரோல் போகும் பழைய ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது நல்லது.

இவ்வளவையும் குனியாமல் செய்தேன் என்றால் நம்புவீர்களா? ஹெரால்டின் முன்பக்கம் முழுதும், மட்கார்டு உட்பட, ஒரே மூடியாக முன்னோக்கிக் கவிழ்ந்துவிடும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் கை வைக்கலாம். அறுபத்தைந்து வயது முதுகுக்கு இதைவிட என்ன வேண்டும்?

துரு பிடித்திருந்தது சட்டத்திலிருந்து இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் கைகளில். ஒட்டவைத்த உடம்பாக இருந்தால் இந்த இடத்தோடு கதை முடிந்திருக்கும். நான் செய்தது, போல்டுகளுக்கு ஒரு வாரம் எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். பின்பக்க உடம்பைக் கழற்றினேன். அக்காள் பையனும் எதிர்வீட்டுப் பையன்கள் மூன்று பேரும் சேர்ந்து தூக்கித் திண்ணையோரம் வைத்தார்கள். வெல்டர் வீட்டுக்கே வந்து நாலு துண்டுத் தகடு ஒட்டிவிட்டுப் போனார். கம்பி பிரஷ், உப்புத்தாள், ரெட் ஆக்சைடு எல்லாம் என் கைவேலை. பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்க மட்டும் ஆள் வைத்தேன், அதுவும் ஐந்து மாதப் பணத்தைச் சேர்த்து.

இரண்டே கால் வருடம் ஆயிற்று. 2021ல் மத்திய அரசு ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவு என்று தனி விதி கொண்டுவந்திருக்கிறது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர், இவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். அக்காவைக் கோயிலுக்கு அழைத்துப்போவது அதில் வராது. ஆகவே பழைய ஆர்.சி.யையே புதுப்பித்து, மூன்றெழுத்து நம்பரைக் காப்பாற்றிக்கொண்டேன். எஃப்.சி. பார்க்க வந்த இளம் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறக்கக் கைப்பிடியைத் தேடினார். பக்கவாட்டுக் கொக்கிகளை எடுத்து முன்பக்கத்தை அப்படியே கவிழ்த்துக் காட்டினேன். சேஸிஸ் நம்பரைச் சரிபார்த்துவிட்டு, தன் செல்போனில் இரண்டு படமும் எடுத்துக்கொண்டார்.

வைப்பர் மோட்டார் இன்னும் கிடைக்கவில்லை. மழை நாளில் வண்டியை எடுப்பதில்லை. யாரிடமாவது பழசு இருந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.