தொட்டிச் செடியின் கதை: ஹெல்மான்ட் முதல் ஒரகடம் வரை

ஒரகடம் ஜங்ஷன்ல நின்னு "கன்டெய்னர்"னு சொன்னா யாருக்கும் செடி ஞாபகம் வராது. ஸ்ரீபெரும்புதூருக்கும் சிங்கப்பெருமாள் கோயிலுக்கும் நடுவுல ராத்திரி பகலா ஓடுற நாற்பதடி இரும்புப் பெட்டிதான் ஞாபகம் வரும். அடியேன் பொட்டி தட்டுறதும் இந்த ரோட்டோரக் கம்பெனி ஒண்ணுலதான். ஆனா இந்தப் பதிவு வேற கன்டெய்னர் பத்தி. ஒவ்வொரு ஃபேக்டரி கேட்டுக்கும் ரெண்டு பக்கமும் காவலாளி மாதிரி வரிசையா நிக்குமே குரோட்டன்ஸ், காகிதப்பூ, அரளி... அந்தத் தொட்டிகள்.

காலையில தண்ணி ஊத்துறாங்க. மூணு மணிக்குப் பார்த்தா தலை தொங்கி நிக்குது. "தண்ணி பத்தலை"ன்னு இன்னொரு வாளி. அடுத்த நாளும் அதே கதை. ஊத்துன தண்ணி எங்கதான் போகுதுன்னு தேடப் போய், கிட்டத்தட்ட நானூறு வருஷம் பின்னாடி போயிட்டேன்.

தொட்டிச் செடியை வெச்சு கணக்கு போட்ட பிரபலமான முதல் ஆள் பிரசல்ஸ்காரர் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட். நல்லா காயவெச்ச 200 பவுண்டு மண்ணை (சுமார் 90 கிலோ) ஒரு மண்தொட்டியில போட்டார். அதுல 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்று ஒண்ணை நட்டார். அஞ்சு வருஷம் தண்ணியைத் தவிர வேற எதுவும் கொடுக்கலை. கடைசியில எடை போட்டா மரம் 169 பவுண்டு 3 அவுன்ஸ். மண்ணு குறைஞ்சது வெறும் 2 அவுன்ஸ்! "அப்போ மரம் மொத்தமும் தண்ணியாலதான் ஆகியிருக்கு"ன்னு முடிவு கட்டிட்டார். 1644ல் அவர் இறந்த பிறகு, 1648ல் மகன் இதைப் புத்தகமாப் போட்டார். முடிவு தப்பு, காத்துல இருந்து செடி எடுக்கிற கரியமில வாயுவை அவர் கணக்குல சேர்க்கலை. இதுல வேடிக்கை என்னன்னா "கேஸ்"ங்கிற சொல்லையே உருவாக்கினது இந்த மனுஷன்தான் :-)

எனக்கு அந்த முடிவை விட ஆரம்பம்தான் முக்கியமாப் பட்டுது. 5 பவுண்டு கன்றுக்கு 200 பவுண்டு மண்ணு, அதாவது 40 மடங்கு. நம்ம கேட்டு வாசல் குரோட்டன்ஸுக்கு யாரு இப்படி அள்ளிக் கொடுக்கிறா?

அடுத்தவர் ஸ்டீஃபன் ஹேல்ஸ், இங்கிலாந்துல டெடிங்டன் ஊர் பாதிரியார். 1724ல் மூன்றரை அடி சூரியகாந்திச் செடியைத் தொட்டியோட எடுத்துக்கிட்டார். மண்ணுலேர்ந்து ஈரம் நேரா ஆவியாகிடக் கூடாதுன்னு தொட்டி வாயை ஈயத் தகட்டால மூடினார். காலையும் சாயங்காலமும் எடை போட்டார். ஒரு பகல் பொழுதுல சராசரியா 1 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது அரை கிலோவுக்கும் மேல, இலை வழியா வெளிய போயிருந்தது. 1727ல் இதைப் புத்தகமா எழுதினார். தொட்டிக்குத் தண்ணி வேணுமா வேண்டாமான்னு தெரிஞ்சுக்க நேர்மையான வழி எடைதான்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. இன்னிக்கும் அதேதான். தொட்டியை ஒரு பக்கமா லேசா சாய்ச்சுப் பாருங்க. கனமா இருந்தா விட்டுடுங்க, லேசா இருந்தா ஊத்துங்க. மேல்மண்ணு காய்ஞ்சிருக்கிறதை வெச்சு முடிவு பண்ணா பாதி நேரம் ஏமாந்துடுவோம்.

சரி, வாடுறதுக்கு வருவோம். செடி வளர வளர இலை கூடுது, செலவாகிற தண்ணியும் கூடுது. உள்ளே வேர் பெருகப் பெருக, ஈரத்தைப் பிடிச்சு வைக்கிற மண்ணுக்கு இடம் குறையுது. நம்ம பாஷையில சொன்னா ரீட் ரேட் ஏறிக்கிட்டே போகுது, பஃபர் சின்னதாகிக்கிட்டே போகுது. அதுவும் போதாதுன்னு, ஒரு தடவை நல்லா காய்ஞ்ச மண்ணுருண்டை சுருங்கி தொட்டிச் சுவரை விட்டு விலகிடும். மேல ஊத்துற தண்ணி அந்த இடுக்கு வழியா சர்ருனு இறங்கி கீழ் ஓட்டையில வந்துடும். "தண்ணி வெளிய வருதே, போதும்"னு ஊத்துறவங்க அடுத்த தொட்டிக்குப் போயிடுவாங்க. நடுவுல மண்ணு காய்ஞ்சே கிடக்கும். அவங்க மேல தப்பே இல்லை.

செடியை ஒரு பாத்திரத்துல அடைக்கிறதே முதல்ல ஊர் விட்டு ஊர் கொண்டுபோகத்தான் பெரிசா வேலைக்கு வந்தது. லண்டன் டாக்டர் நதானியல் வார்டு, மூடின கண்ணாடிப் பாத்திரத்துக்குள்ள செடி தன் ஈரத்தையே சுத்திச் சுத்திப் பயன்படுத்திப் பிழைக்கும்னு 1829ல் கவனிச்சார். 1833ல் கண்ணாடிப் பெட்டியில செடிகளை சிட்னிக்குக் கப்பல்ல அனுப்பினார், அதுங்க உயிரோட போய்ச் சேர்ந்தது. நம்ம ஊருக்கும் இந்தப் பெட்டி வந்திருக்கு. மலேரியாவுக்கு மருந்தான சிங்கோனா மரத்தைத் தென்னமெரிக்காவுல இருந்து க்ளெமென்ட்ஸ் மார்க்கம் 1860ல் கொண்டுவந்தார். அந்தச் செடிகள் பிழைக்கலை. 1861ல் வந்த அடுத்த சரக்குல 400க்கும் மேற்பட்ட செடிகள் நல்லபடியா ஊட்டி சேர்ந்தது. அங்க வில்லியம் மெக்கைவர் அதைப் பெட்டியிலயே வெச்சு அழகு பார்க்கலை. வெளிய எடுத்து, பெருக்கி, மலைச் சரிவுல நட்டார். பெட்டியோட வேலை பயணத்தோட முடிஞ்சது.

இருபதாம் நூற்றாண்டுல பாலித்தீன் கவர் வந்ததும் இந்த வழக்கம் தலைகீழாச்சு. விலை மலிவு, லேசு, உடையாது. ஆனா சுவர் வழவழன்னு இருக்கும். வேர் போய் முட்டினா நிக்காது, திரும்பி சுவரோரமா வட்டம் போடும். ஒரு வருஷத்துல நடவேண்டிய கன்று வித்துப் போகாம மூணு வருஷம் நர்சரியில நின்னா உள்ளே கயித்துச் சுருள்தான்.

அந்தச் சுருள் மண்ணுல நட்ட பிறகும் தானா பிரியாது. 2016 டிசம்பர் 12, வர்தா புயல். அப்ப நான் காலேஜ் ரெண்டாம் வருஷம். புயலுக்கு அடுத்த வாரம் இந்தப் பக்கம் ஒரு வளாகத்துச் சுவரோரமா சாய்ஞ்ச மரங்களைப் பார்த்தேன். ஒண்ணோட அடியில வேர் பக்கவாட்டுல பரவவே இல்லை, கவர் அளவுக்கு உருண்டையா, பம்பரத்துல சுத்தின சாட்டை மாதிரி. மரம் இருபதடி, பிடிமானம் ஒரு குடத்தளவு. வர்தாவுல விழுந்த எல்லா மரமும் இதனாலதான் விழுந்ததுன்னு சொல்ல வரலை. அன்னிக்கு அடிச்ச காத்து அப்படி, நகரத்துல வேருக்கு மேல போட்ட சிமென்ட்டும் ஒரு காரணம். ஆனா அந்த ஒரு மரம் நட்ட அன்னிக்கே பாதி விழுந்தாச்சு. பசுமைப் பட்டைன்னு ஆயிரக்கணக்குல கன்று நடுற இந்த ஏரியாவுல "எத்தனை நட்டோம்"னு போர்டு இருக்கு. நடும்போது கவரைக் கிழிச்சு வேரைப் பார்த்தாங்களான்னு கேட்டா பதில் இல்லை.

இதுக்குத் தீர்வு ரொம்ப எளிமை. அமெரிக்காவுல கார்ல் விட்கோம்ப் என்பவர் அடி இல்லாத பால் அட்டைப் பெட்டியில மரக்கன்று வளர்த்துப் பார்த்தார். கீழ வந்த வேர் நுனி காத்து பட்டுக் காய்ஞ்சு நின்னுடும், மேல புதுக் கிளைவேர் விடும். நர்சரிகள்ல இப்ப இருக்கிற ரூட் ட்ரெய்னர் குப்பிக்கும் இதே தத்துவம்தான். உள்பக்கம் நெடுக வரம்பு, அடியில பெரிய ஓட்டை.

2012ல் ஜெர்மனியின் யூலிஷ் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த ஹென்ட்ரிக் பூர்ட்டர் குழு 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. தொட்டி அளவை இரட்டிப்பாக்கினா செடியோட எடை சராசரியா 43 சதவீதம் கூடுது. தொட்டியை எம்.ஆர்.ஐ. ஸ்கேன்ல வேற வெச்சுப் பார்த்திருக்காங்க (நமக்கே அவ்வளவு சீக்கிரம் எடுக்க மாட்டாங்க!). வேர்ல முக்கால் பங்கு தொட்டியோட வெளிப்பாதியில, சுவரை நோக்கியே இருந்ததாம்.

சுத்திக்கிட்ட செடி கையில இருந்தா, முதல்ல தொட்டியோட ஒரு டப் தண்ணியில இறக்கி, குமிழி நிக்கிற வரை அரைமணி நேரம் வைங்க. அப்புறம் வெளிய எடுத்து, உருண்டையோட பக்கவாட்டுல மேலிருந்து கீழா நாலு இடத்துல கத்தியால கீறுங்க. அடியில சுருண்டிருக்கிற பாயை வெட்டி எறிங்க. மனசு கேட்காதுதான், ஆனா புது வேர் அந்த வெட்டுலேர்ந்துதான் வரும். ரெண்டு இன்ச் அகலமான தொட்டிக்கு மாத்தி, முன்ன இருந்த அதே ஆழத்துல நட்டு, ஒரு வாரம் நிழல்ல வைங்க. கத்திரி வெயில்ல மட்டும் இந்த ஆபரேஷன் வேணாம்.

அடியில கூழாங்கல், ஓட்டுத் துண்டு போடுறது நல்ல வடிகால்னு எல்லாரும் சொல்வாங்க. 1959ல் வாஷிங்டன் மாநிலத்துல கார்ட்னர், ஷே என்ற இருவர், மண்ணுக்குள்ள தண்ணி இறங்குறதைக் கண்ணாடி வழியா படம் பிடிச்சாங்க. மேல நைசான மண்ணு, கீழ கரடுமுரடான அடுக்குன்னா, மேல மண்ணு கிட்டத்தட்ட ஊறித் ததும்புற வரை தண்ணி எல்லையைத் தாண்டவே மாட்டேங்குது. கல்லு போட்டா சேறு வேருக்குப் பக்கத்துல மேலே ஏறி உட்காரும், அவ்வளவுதான். ஓட்டைக்கு ஒரு துண்டு கொசுவலை போதும். மீதி இடம் பூரா மண்ணு.