வியேக்கஸ் கடற்படைப் பயிற்சிக் களம்

வியேக்கஸ் கடற்படைப் பயிற்சிக் களம் என்பது கரிபியக் கடலில் உள்ள வியேக்கஸ் தீவில் ஐக்கிய அமெரிக்கக் கடற்படை 1940களிலிருந்து 2003 வரை பயன்படுத்திய குண்டுவீச்சு மற்றும் தரையிறக்கப் பயிற்சி நிலப்பரப்பு ஆகும். தீவின் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடற்படையின் கையில் இருந்தது. தீவு மக்கள் நடுப்பகுதியில் மட்டும் வாழ்ந்தனர். 1999 இல் குறி தவறிய குண்டுகளால் உள்ளூர்க் காவலாளி ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து எழுந்த அறப்போராட்டத்தின் விளைவாக 2003 மே 1 அன்று கடற்படை வெளியேறியது. எனினும், மண்ணிலும் கடலடியிலும் கிடக்கும் வெடிக்காத குண்டுகளை அகற்றும் பணி இன்றுவரை முடிவடையவில்லை.

அமைவிடம்

வியேக்கஸ், ஐக்கிய அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்ட புவேர்ட்டோ ரிக்கோவின் ஒரு நகராட்சி ஆகும். புவேர்ட்டோ ரிக்கோ முதன்மைத் தீவுக்குக் கிழக்கே சுமார் 13 கிமீ தொலைவில் அமைந்துள்ளது. கிழக்கு மேற்காக ஏறத்தாழ 34 கிமீ நீளமும், அதிக அளவாக 6 கிமீ அகலமும் கொண்டது. வட கரையிலுள்ள இசபெல் செகுண்டா, தென் கரையிலுள்ள எஸ்பெரான்சா ஆகியவை முக்கிய ஊர்கள். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 8,249.

புவேர்ட்டோ ரிக்கோவில் வாழ்வோர் அமெரிக்கக் குடிமக்களாயினும் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை அற்றவர்கள். அமெரிக்கக் காங்கிரசில் அவர்களுக்கு வாக்குரிமையுள்ள உறுப்பினரும் இல்லை. களத்தின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இது இன்றியமையாத செய்தியாகும்.

நிலம் கையகப்படுத்தல்

1941 இல் அமெரிக்கக் கடற்படை, புவேர்ட்டோ ரிக்கோவின் கிழக்குக் கரையில் ரூஸ்வெல்ட் ரோட்ஸ் எனும் பெரும் கடற்படைத் தளத்தை அமைக்கத் தொடங்கியது. பிரித்தானியா செருமனியிடம் வீழ்ந்தால் அதன் கப்பல்படைக்கும் இடமளிக்கும் அளவுக்கு இத்தளம் திட்டமிடப்பட்டது. வியேக்கசும் இத்திட்டத்தின் ஒரு பகுதியானது. தீவின் வட கரையிலிருந்து கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் ஒன்று எழுப்பப்பட்டது. போரின் போக்கு மாறியதால் 1943 இல் அப்பணி கைவிடப்பட்டது. ஒன்றரை கிலோமீட்டருக்கும் அதிக நீளமுடைய அச்சுவரின் பகுதி இன்றும் உள்ளது.

1941 முதல் 1943 வரையும் மீண்டும் 1947 இலும் தீவின் 33,000 ஏக்கரில் சுமார் 26,000 ஏக்கர் கையகப்படுத்தப்பட்டது. அக்காலத்தில் தீவில் சுமார் 10,000 பேர் வாழ்ந்தனர். கரும்புச் சாகுபடியே முதன்மைத் தொழில். நிலத்தின் பெரும்பகுதி ஒரு சில கரும்புப் பண்ணையாளர்களின் பெயரில் இருந்தமையால் இழப்பீடும் பெரும்பாலும் அவர்களையே சேர்ந்தது. பண்ணை நிலத்தில் குடிசை போட்டு, வீட்டைச் சுற்றிப் பயிரிட்டு வாழ்ந்த தொழிலாளர்களிடம் பட்டா இல்லை. அவர்கள் தீவின் நடுப்பகுதியில் ஒதுக்கப்பட்ட சிறு மனைகளுக்கு மாற்றப்பட்டனர். அம்மனைகளுக்கும் உரிமைப் பத்திரம் வழங்கப்படவில்லை. வெளியேற ஓரிரு நாள் அவகாசமே தரப்பட்டது என்று வாய்மொழிப் பதிவுகள் கூறுகின்றன. பலர் அண்மையிலுள்ள செயின்ட் குரோய் தீவுக்கு வேலை தேடிச் சென்றனர்.

1961 இல் தீவு மக்கள் அனைவரையும் வெளியேற்றும் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டது. கல்லறைகளிலிருந்து இறந்தோரின் எச்சங்களையும் அகற்றுவது அதில் அடங்கியிருந்தது. புவேர்ட்டோ ரிக்கோ ஆளுநர் லூயிஸ் முன்யோஸ் மரீன் குடியரசுத் தலைவர் கென்னடிக்கு எழுதிய மறுப்புக் கடிதத்தின் பின்னர் இத்திட்டம் கைவிடப்பட்டது.

களத்தின் அமைப்பு

கடற்படையின் நிலம் மக்கள் பகுதியின் இரு புறமும் அமைந்திருந்தது.

மேற்குப் பகுதி: சுமார் 8,000 ஏக்கர். வெடிமருந்துக் கிடங்காகப் பயன்பட்டது. மண்மேடுகளால் மூடப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட காங்கிரீட் அறைகள் இங்கு கட்டப்பட்டன.

கிழக்குப் பயிற்சிப் பகுதி: சுமார் 11,000 ஏக்கர். ஈரூடகத் தரையிறக்கமும் தரைப்படை நகர்வுகளும் இங்கு நடைபெற்றன. கடற்கரைகளுக்குக் கடற்படை இட்ட சிவப்பு, நீலம் முதலிய நிறப் பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன.

ஆயுதப் பயிற்சிப் பகுதி: கிழக்கு முனையை ஒட்டிய சுமார் 3,600 ஏக்கர். இதனுள் ஏறத்தாழ 900 ஏக்கர் பரப்புடைய குண்டு விழும் வலயம் அமைந்திருந்தது. பழைய பீரங்கி வண்டிகள், போலி ஓடுபாதை போன்றவை இலக்குகளாக வைக்கப்பட்டன. அருகிலுள்ள குன்றின் மீதிருந்த கண்காணிப்பு நிலையத்திலிருந்து குண்டுகள் விழும் இடம் கணிக்கப்பட்டது.

கப்பற் பீரங்கிச் சூடு, வான்வழிக் குண்டுவீச்சு, கடற்கரைத் தரையிறக்கம் ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் பயிலத்தக்க இடம் அத்திலாந்திக் பகுதியில் வேறு இல்லை என்பது கடற்படையின் வாதமாக இருந்தது. அருகிலுள்ள குலேப்ரா தீவில் 1975 இல் பயிற்சி நிறுத்தப்பட்ட பின்னர் வியேக்கசில் பயிற்சிகள் மேலும் அதிகரித்தன. நேட்டோ நாடுகளின் படைகளும் இக்களத்தைப் பயன்படுத்தின.

கடலிலும் இலக்குகள் இருந்தன. 1958 இல் பசிபிக் அணுகுண்டுச் சோதனைகளில் பயன்படுத்தப்பட்ட கில்லன் என்ற நாசகாரிக் கப்பல் பின்னர் வியேக்கசுக்குக் கொண்டுவரப்பட்டு, பயிற்சி இலக்காகி, 1975 இல் மூழ்கடிக்கப்பட்டது.

எதிர்ப்பு

மீனவர் போராட்டம்

கடற்படைக் கப்பல்கள் மீன் கூடுகளின் மிதவைக் கயிறுகளை அறுத்துச் சென்றதாலும், பயிற்சி நாட்களில் கடலுக்குச் செல்லத் தடை விதிக்கப்பட்டதாலும் மீனவர்கள் வாழ்வாதாரம் இழந்தனர். 1978 பெப்ரவரியில் சுமார் 40 சிறு படகுகளில் சென்ற மீனவர்கள் நேட்டோ பயிற்சிக் கப்பல்களை மறித்தனர். 1979 மே மாதத்தில் கடற்கரையில் வழிபாடு நடத்தியோர் உள்ளிட்ட 21 பேர் கைது செய்யப்பட்டனர். அவர்களுள் ஒருவரான ஆங்கெல் ரொட்ரீகெஸ் கிறிஸ்தோபல் அவ்வாண்டு நவம்பரில் புளோரிடாவிலுள்ள கூட்டரசுச் சிறை ஒன்றில் இறந்து கிடந்தார். தற்கொலை என அதிகாரிகள் அறிவித்ததை அவருடைய ஆதரவாளர்கள் ஏற்கவில்லை.

புவேர்ட்டோ ரிக்கோ அரசு தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982 இல் தீர்ப்பளித்தது. அனுமதியின்றிக் கடலில் குண்டுகளை வீழ்த்தியது நீர் மாசுத் தடுப்புச் சட்டத்துக்கு முரணானது என்பது வழக்கில் நிறுவப்பட்டிருந்தது. ஆயினும் அதற்காகப் பயிற்சியை உடனே நிறுத்த ஆணையிடுவது நீதிமன்றத்தின் கட்டாயக் கடமை அன்று என்று தீர்ப்பு கூறியது. பயிற்சிகள் தொடர்ந்தன.

1999 நிகழ்வும் விளைவும்

1999 ஏப்ரல் 19 அன்று எப்/ஏ-18 போர் விமானம் ஒன்று வீசிய, 500 பவுண்டு (227 கிகி) எடையுள்ள இரு குண்டுகள் இலக்கைத் தவறவிட்டுக் கண்காணிப்பு நிலையத்தின் அருகில் விழுந்தன. அங்கு பணியிலிருந்த தாவீது சானெஸ் ரொட்ரீகெஸ் என்ற உள்ளூர்க் காவலாளி இறந்தார். நால்வர் காயமடைந்தனர்.

இதன் பின்னர் போராட்டக்காரர்கள் குண்டு விழும் வலயத்துக்குள்ளேயே கூடாரங்களும் சிற்றாலயமும் அமைத்துத் தங்கினர். மனிதர் இருக்கும் இடத்தில் குண்டு வீச இயலாமையால் பயிற்சி ஓராண்டுக்கும் மேலாகத் தடைப்பட்டது. 2000 மே 4 அன்று கூட்டரசு அதிகாரிகள் அவர்களை அகற்றினர். அதன் பிறகு பயிற்சி மீண்டும் தொடங்கியது. வெடிக்காத போலிக் குண்டுகள் மட்டுமே பயன்படுத்தப்பட்டன. அத்துமீறி நுழைந்ததற்காக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். ராபர்ட் எப். கென்னடி இளையவர், அல் சார்ப்டன் ஆகியோரும் 2001 இல் சிறை சென்றனர்.

2001 சூன் மாதத்தில் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ், 2003 மே மாதத்துக்குள் கடற்படை வெளியேறும் என அறிவித்தார். அவ்வாண்டு சூலை 29 அன்று நடந்த உள்ளூர் வாக்கெடுப்பில் 68 விழுக்காட்டினர் உடனடி வெளியேற்றத்தை ஆதரித்தனர். 2003 மே 1 அன்று களம் மூடப்பட்டது. ரூஸ்வெல்ட் ரோட்ஸ் கடற்படைத் தளமும் 2004 மார்ச் 31 அன்று மூடப்பட்டது.

நில ஒப்படைப்பும் தூய்மைப்படுத்தலும்

மேற்கு நிலத்தில் சுமார் 4,200 ஏக்கர் 2001 இல் நகராட்சிக்கும், 3,100 ஏக்கர் அமெரிக்க உள்துறைக்கும், 800 ஏக்கர் ஒரு பாதுகாப்பு அறக்கட்டளைக்கும் வழங்கப்பட்டன. கிழக்கிலுள்ள சுமார் 14,600 ஏக்கர் முழுவதும் 2003 இல் உள்துறையின் மீன் மற்றும் வனவிலங்குத் துறையிடம் சென்றது. இவ்வாறு உருவான வியேக்கஸ் தேசிய வனவிலங்குப் புகலிடம் ஏறத்தாழ 17,800 ஏக்கர் பரப்புடையது. குண்டு விழும் வலயம் பொதுமக்கள் நுழையத் தடையுள்ள இயற்கை வனப் பகுதியாகச் சட்டத்தால் வகைப்படுத்தப்பட்டது.

இவ்வகைப்பாடு கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. ஒரு நிலத்தை எவ்வளவு ஆழத்துக்குத் தோண்டித் தூய்மைப்படுத்த வேண்டும் என்பது அதன் எதிர்காலப் பயன்பாட்டைப் பொறுத்தே முடிவு செய்யப்படுகிறது. வீடு கட்டும் நிலமாயின் ஆழமான தூய்மை தேவை. யாரும் நுழையாத வனமாயின் மேற்பரப்பு அளவே போதும் எனக் கொள்ளப்படலாம். ஆகவே மிக அதிகமாகக் குண்டு விழுந்த இடமே மிகக் குறைவாகத் தூய்மை செய்யப்படும் நிலை ஏற்படும் என்பது உள்ளூர் அமைப்புகளின் வாதம். மறுபுறம், கடலாமைகள் முட்டையிடும் கரைகளும் சதுப்புக் காடுகளும் இதனால் கட்டடங்களிலிருந்து காக்கப்படுகின்றன என ஆதரவாளர்கள் கூறுகின்றனர்.

2005 இல் வியேக்கஸ், சூப்பர்ஃபண்ட் எனப்படும் மாசகற்றும் திட்டத்தின் தேசிய முன்னுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. புதர்களை நீக்கி, உலோகங்காணிகளால் தேடி, கண்டெடுத்த குண்டுகளை அங்கேயே வெடிக்கச் செய்வது வழக்கமான முறையாகும். திறந்த வெளியில் வெடிக்கச் செய்வதால் எழும் புகையும் தூசியும் குறித்து மக்கள் எதிர்ப்புத் தெரிவித்துள்ளனர். அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2021 இல் வெளியிட்ட அறிக்கையின்படி வியேக்கஸ், குலேப்ரா தீவுகளின் பணிகள் 2032 வரை நீடிக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது. கடலடியிலுள்ள குண்டுகளை அகற்றுவது இவற்றுள் கடினமானது; பவளப் பாறைகள் அவற்றின் மீது வளர்ந்துள்ளமை இதற்கு ஒரு காரணம்.

உடல்நலம் குறித்த சர்ச்சை

வியேக்கசில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்காக, அதாவது களத்திலிருந்து ஊர்களை நோக்கி வீசுகிறது. 1999 பெப்ரவரியில் செறிவு குறைந்த யுரேனியம் கொண்ட 263 தோட்டாக்கள் விதிமுறைக்கு மாறாகச் சுடப்பட்டதைக் கடற்படை ஒப்புக்கொண்டது. புவேர்ட்டோ ரிக்கோ நலத்துறையின் ஆய்வுகள் முதன்மைத் தீவைவிட வியேக்கசில் புற்றுநோய் விகிதம் அதிகம் எனக் காட்டின. ஆனால் அமெரிக்க நச்சுப் பொருட்கள் மற்றும் நோய்ப் பதிவு முகமை, குண்டுவீச்சுக்கும் நோய்க்கும் தொடர்பை நிறுவப் போதிய சான்று இல்லை என 2013 இல் அறிவித்தது.

ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவினர் இழப்பீடு கோரித் தொடுத்த வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012 இல் தள்ளுபடி செய்தது. களத்தால் நோய் உண்டானதா என்ற வினாவுக்குள் நீதிமன்றம் செல்லவில்லை. இத்தகைய செயல்களுக்காக அரசின் மீது வழக்குத் தொடர இயலாது என்ற சட்டப் பாதுகாப்பே அடிப்படையாக அமைந்தது. 2013 இல் உச்ச நீதிமன்றம் இவ்வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது.

ஒத்த பிற களங்கள்

அவாய் தீவுக்கூட்டத்தின் ககோலாவே தீவு 1941 முதல் 1990 வரை குண்டுவீச்சுக் களமாக இருந்தது. 1994 இல் அவாய் மாநிலத்திடம் ஒப்படைக்கப்பட்ட பின்னரும் அதன் ஒரு பகுதி தூய்மை செய்யப்படாமல் உள்ளது. ககோலாவேயில் பயிற்சிக் காலத்தில் நிலையான குடியிருப்புகள் இல்லை. வியேக்கசில் குண்டு விழும் வலயத்திலிருந்து சுமார் 13 கிமீ தொலைவில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தனர் என்பதே இவ்விரண்டுக்கும் இடையிலான முதன்மையான வேறுபாடு ஆகும்.