ஹியூலெட் ஜான்சன்

ஹியூலெட் ஜான்சன் (1874–1966) இங்கிலாந்துத் திருச்சபைக் குரு. 1931 முதல் 1963 வரை காண்டர்பரிப் பேராலயத்தின் டீன். ‘சிவப்பு டீன்’ என்று உலகறிந்தவர்.

மான்செஸ்டரை அடுத்த கெர்சலில், கம்பி ஆலை நடத்திய செல்வக் குடும்பத்தில் பிறந்தார். ஓவன்ஸ் கல்லூரியில் அறிவியல் படித்து 1894இல் பட்டம் பெற்றதும் ஓபன்ஷாவிலிருந்த ரயில்பெட்டித் தொழிற்சாலையில் பொறியியல் பயிற்சிக்குச் சேர்ந்தார். சமதர்மக் கருத்துகள் அங்கேதான், உடன் உழைத்த தொழிலாளர் வழியாக, அவருக்கு அறிமுகமாயின. மிஷனரியாகும் எண்ணத்துடன் ஆக்ஸ்போர்டில் இறையியல் பயின்றார். ஆனால் 1905இல் ஆல்ட்ரிங்கம் செயின்ட் மார்கரெட் ஆலயத்தில் உதவி குருவானார். 1908இல் அதே ஆலயத்தின் சேகரகுரு. புதிய விவிலிய ஆய்வுகளைச் சாதாரண வாசகரிடம் கொண்டுசேர்த்த ‘தி இன்டர்பிரட்டர்’ இதழை அக்காலத்தில் நடத்தினார். பிற்கால அரசியல் ஆரவாரத்தில் இந்த நற்பணி மறக்கப்பட்டுவிட்டது.

தொழிற்கட்சிப் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு 1924இல் இவரை மான்செஸ்டர் டீனாக்கினார். 1931இல் காண்டர்பரி நியமனமும் அவர் ஆட்சியிலேயே வந்தது. அவ்வாண்டே லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு வந்திருந்த காந்தியை ஜான்சன் காண்டர்பரியில் விருந்தினராக வரவேற்றார்.

1939இல் வெளியான ‘தி சோஷலிஸ்ட் சிக்ஸ்த் ஆஃப் தி வேர்ல்ட்’ சோவியத் நாட்டைப் போற்றும் நூல். பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. ஸ்டாலின் காலத்துக் கைதுகளையும் பஞ்சத்தையும் அது காணவில்லை. நல்லெண்ணத்தால் நேர்ந்த குருட்டுத்தனம் எனலாம். 1942 ஜூனில் ஜெர்மானியர் காண்டர்பரியைக் குண்டுவீசித் தாக்கியபோது டீன் இல்லமும் சேதமுற்றது.

காண்டர்பரியின் தலைமைப் பேராயரே இவர் என்று வெளிநாட்டார் பலர் எண்ணிக்கொண்டது பேராயர் ஜெஃப்ரி ஃபிஷருக்குத் தீராத தலைவலி. பேராயரின் ஆசனம் பேராலயத்தில் இருந்தாலும் அதன் நிர்வாகம் டீனும் கேனன்களும் அடங்கிய அவைக்கு உரியது. டீனை நியமிப்பது அரச முடி. கருத்து வேறுபாட்டுக்காக அவரை நீக்கப் பேராயருக்கு அதிகாரமில்லை. ஜான்சன் முப்பத்திரண்டு ஆண்டுகள் பதவியில் நிலைத்தது இதனால்தான்.

1951இல் ஸ்டாலின் அமைதிப் பரிசு பெற்றார். 1952இல் சீனா சென்று திரும்பி, அமெரிக்கா கிருமிப் போர் நடத்துவதாகக் கூறிப் பெரும் எதிர்ப்புக்கு ஆளானார். 1963இல் ஓய்வு, 1966இல் மறைவு. தன்வரலாறு 1968இல் வெளிவந்தது. இவரது ஆவணங்கள் கென்ட் பல்கலைக்கழகத்தில் உள்ளன.