திருவிடையாட்டமும் ஏரிநீரும்

கோயிலுக்கு நிலம் எதற்கு என்னும் வினாவிற்குத் திருமலைக் கல்வெட்டுகள் தெளிவான விடை தருகின்றன: நிலம் கைங்கரியத்திற்காகவே. பொ.ஆ. 966ஆம் ஆண்டளவில் காடவன் பெருந்தேவி எனப்பெற்ற சாமவை, மணவாளப் பெருமாளின் வெள்ளித் திருமேனியை எழுந்தருளப்பண்ணியபோது அணிகலன்களோடு நிலங்களையும் அளித்தார். அந்நிலங்களின் வருவாய் வழிபாட்டிற்கும் திருவிழாவிற்கும் என வரையறுக்கப்பெற்றது. அத்திருமேனியே இன்று போக ஸ்ரீநிவாசர் என வழங்கப்பெறுகிறது.

விஜயநகரக் காலத்தில் இம்முறை விரிவடைந்தது. அரசரும் அவர்தம் அதிகாரிகளும் பெரும்பாலும் ஊர்களைத் திருவிடையாட்டமாக அளித்தனர். ஏனையோர் ஸ்ரீபண்டாரத்தில் பொன்னும் பணமும் செலுத்தினர். ஒவ்வொரு தருமத்திற்கும் இன்ன நாளில் இத்தனை தளிகை, அதற்கு அரிசி, நெய், பயறு, மிளகு, தயிரமுது இவ்வளவு எனக் கல்லில் பொறிக்கப்பெற்றது. பணம் ஒருமுறை வந்தது. கடமையோ சந்திராதித்தவரை நிற்பது. ஒருமுறை வந்ததைக் கொண்டு என்றும் நிற்பதை நடத்துவது எவ்வாறு என்பதே ஸ்தானத்தார் எதிர்கொண்ட சிக்கல்.

அவர்கள் கண்ட வழி நீர். 15, 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் பல, வந்த பணத்தைத் திருவிடையாட்ட ஊர்களில் ஏரி, கால்வாய் வெட்டச் செலவிட்டு, அதனால் மிகும் விளைவைக் கொண்டு அவ்வமுதுபடியை நடத்துமாறு விதிக்கின்றன. 1960இல் வெளிவந்த பர்ட்டன் ஸ்டைனின் ஆய்வு இம்முறையின் பொருளியல் பயனை விளக்கிற்று. கோயிலுக்கு உரியது பெரும்பாலும் விளைவின் ஒரு பங்கே. உழும் உரிமை குடிகளிடமே இருந்தது. ஆகவே நீர் பெருகியபோது கோயிலின் பங்கோடு குடிகளின் பங்கும் பெருகிற்று. குடியை எழுப்பாமலும், ஊரை விற்காமலும் வருவாய் வளர்ந்தது.

தளிகை அமுதுசெய்விக்கப்பெற்றபின் பிரசாதத்தில் நாலில் ஒன்று 'விட்டவன் விழுக்காடு' என உபயகாரருக்கு உரியது. சாளுவ நரசிம்மர் தம் பங்கினை இராமாநுச கூடத்திற்கு அளித்து, அங்கே ஸ்ரீவைஷ்ணவர்கள் அமுதுசெய்ய வகைசெய்தார்; அக்கூடத்தைக் கந்தாடை இராமாநுசையங்கார் நிர்வகித்தார். வயலில் விளைந்தது எம்பெருமான் திருமுன் சென்று, அடியார் இலையில் நிறைவுற்றது. அவ்விலையில் சோறு குறைந்தால் ஏரியில் குறை உண்டென்பது உடனே புலப்பட்டிருக்கும். கைங்கரியமே கணக்கிற்குச் சான்றாய் நின்றது.

நிலத்தின் மதிப்பை அதன் விலையால் அளப்போர் அதை விற்பதிலும் ஊதியம் காண்பர். திருமலை ஸ்தானத்தாரின் அளவுகோல் வேறு: முதலில் கைங்கரியம், அதற்கு வேண்டும் அமுதுபடி, அதனைத் தரும் விளைவு, விளைவிற்கு நீர் என அவர்கள் முடிவிலிருந்து முதலுக்கு எண்ணினர். அறநிலையம் எதுவாயினும், தன் நிலத்தைப் பற்றி முடிவெடுக்கும் முன் எண்ணவேண்டிய வரிசை இதுவே.