மெயின்ஃபிரேம் காப்பு நகல்களின் வரலாறு

மெயின்ஃபிரேம் கணினிகளின் காப்பு முறைகள் காந்த நாடாவோடு வளர்ந்தவை. 1952இல் ஐபிஎம் 701 கணினியோடு அறிவிக்கப்பட்ட 726 நாடா இயக்கி, அரை அங்குல நாடாவில் அங்குலத்துக்கு 100 எழுத்துகளைப் பதித்தது. நாடாக் காலத்தில் பழைய முதன்மைக் கோப்பும் அன்றைய வரவு செலவுகளும் சேர்ந்து புதிய நாடாவில் எழுதப்பட்டன. பழைய நாடா அழியாமல் நின்றதால் அதுவே காப்பாயிற்று. தாத்தா, தந்தை, மகன் என மூன்று தலைமுறை நாடாக்களைப் பேணும் வழக்கம் இப்படி வேரூன்றியது. மகன் நாடா கெட்டால், தந்தை நாடாவோடு அன்றைய பதிவுகளை மீண்டும் ஓட்டி அதை மீட்கலாம்.

1956இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய ராமாக் வட்டில் இந்த இயல்பான பாதுகாப்பு இல்லை. பதிவு இருந்த இடத்திலேயே திருத்தப்பட்டதால் பழைய மதிப்பு மறைந்தது. எனவே வட்டைத் தனியே நகலெடுக்க வேண்டியதாயிற்று. முழு நகலிலிருந்து மீட்பது எளிது; ஆனால் எடுக்க நேரம் பிடிக்கும். மாறியவற்றை மட்டும் எடுத்தால் நேரம் மிச்சம். மீட்கும்போதோ முழு நகலையும் அதன்பின் எடுத்தவற்றையும் வரிசையாக ஏற்ற வேண்டும். வாரம் ஒரு முழு நகல், நாள்தோறும் மாற்ற நகல் என்ற கலப்பு முறை இதனால் பரவியது.

1984இல் வந்த ஐபிஎம் 3480 நாடா கார்ட்ரிட்ஜ் சுமார் 200 மெகாபைட்டைக் கையடக்கப் பெட்டிக்குள் கொண்டுவந்தது. கருவிகள் மாறினாலும் அளவுகோல் மாறவில்லை: மீட்டுப் பார்த்த நகலே காப்பு நகல்.