மெட்ரிகுலேஷன் நீங்கலாக: வீட்டில் படித்தவரும் சென்னைப் பல்கலைக்கழகமும்

வீட்டிலிருந்து படித்தவர்கள் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த வரலாற்றை எனக்கு ஆய்வுமுறை கற்பித்த பேராசிரியர் ஒரே வரியில் சொல்லிவிடுவார்: 1857இல் திறந்த கதவு, 1904இல் சாத்தப்பட்டது. வகுப்பில் பலமுறை கேட்ட வரி அது. நானும் என் மாணவர்களிடம் அப்படியே சொல்லிவந்தேன். அவர் காட்டிய காரணமும் வலுவானதுதான். லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்த சென்னைப் பல்கலைக்கழகம் பாடம் நடத்தவில்லை. தேர்வு மட்டுமே நடத்தியது. எங்கே படித்தாய் என்று தேர்வு நடத்துபவர் கேட்க வேண்டியதில்லை. பிறகு வைஸ்ராய் கர்சன் வந்தார். பல்கலைக்கழகம் என்றால் கல்லூரியைக் கண்காணிக்க வேண்டும், பாடமும் நடத்த வேண்டும் என்றார். 1904 இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டம் வந்தது, வீட்டுத் திண்ணையில் படித்தவன் வெளியே நின்றான். இதற்குச் சான்றாக ஐயா இரண்டு பெயர்களைச் சொல்வார். திறந்த காலத்துக்குச் சி. வை. தாமோதரம் பிள்ளை. திறந்தும் முழுதாகத் திறக்காத காலத்துக்கு முத்துலட்சுமி ரெட்டி.

வாசிப்பு அழகாக இருக்கிறது. சட்டங்களின் வாசகம்தான் ஒத்துழைக்க மறுக்கிறது.

1857 செப்டம்பர் 5இல் இயற்றப்பட்ட சென்னைச் சட்டத்தைப் பார்ப்போம். பட்டத்துக்கு விண்ணப்பிப்பவர், அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையம் ஒன்றிலிருந்து, விதித்த பாடத்தை முடித்ததாகச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்று அது அப்போதே சொல்கிறது. ஐயா திறந்த கதவு என்றது இதைத்தான். முன்மாதிரியான லண்டனிலும் 1836 முதல் இதே விதி இருந்தது. ஆனால் 1858இல் லண்டன் புதிய சாசனம் பெற்று, மருத்துவம் தவிர மற்றப் பட்டங்களுக்குக் கல்லூரிச் சான்றிதழ் வேண்டாம் என்று விட்டுவிட்டது. நாம் நகலெடுத்த மறுவருடமே மூலப்படி திருத்தப்பட்டது. நம்முடைய நகல் திருத்தப்படவில்லை. 1857ஐ லண்டனின் 1858ஆக வாசித்ததில்தான் ஐயாவின் பிழை தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

அந்தப் பிரிவில் ஒரு விலக்கும் உண்டு. செனட்டின் தனி உத்தரவு இருந்தால் சான்றிதழ் இல்லாமலும் வரலாம். 1904 சட்டத்தின் 19ஆம் பிரிவு கிட்டத்தட்ட அதே வாசகத்தைத் திரும்பச் சொல்கிறது. இப்போது செனட்டின் தனி உத்தரவோடு சிண்டிகேட்டின் பரிந்துரையும் வேண்டும். பூட்டு பழையது, அதற்கு இன்னொரு சாவி சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நான் பல நாள் கவனிக்காமல் கடந்துபோன சொற்றொடர் ஒன்றும் அங்கே இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகத் தேர்வுக்கும் கல்லூரிச் சான்றிதழ் வேண்டும் என்று சொல்லும் அந்த வாக்கியம், நடுவில் மெட்ரிகுலேஷன் தேர்வு நீங்கலாக என்கிறது. 1857 வாசகம் பட்டத்தைப் பற்றி மட்டும் பேசி மெட்ரிகுலேஷனைச் சும்மா விட்டுவிட்டது. 1904 வாசகம் அதைப் பெயர் சொல்லி விலக்குகிறது. மௌனத்தால் கிடைத்த வழி எழுத்தில் உறுதியானது. கதவைச் சாத்தியதாகச் சொல்லப்படும் சட்டம் முதல் வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது!

இனி அந்தச் சான்றுகள். தாமோதரம் பிள்ளையும் கறல் விசுவநாத பிள்ளையும் சென்னையின் முதல் பி.ஏ. பட்டதாரிகள். இருவரும் யாழ்ப்பாணத்தவர், வட்டுக்கோட்டை செமினரியோடு தொடர்புடையவர்கள். பட்டம் 1858; 1857 என்று எழுதுவோரும் உண்டு. இருவரில் யார் முந்தியவர் என்ற சச்சரவுக்குள் நான் போகவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பல்கலைக்கழகம் பிறந்து ஓராண்டு நிறையும் முன்னே பட்டம் வாங்கியவர்கள், அது விதித்த பாடத்தை அதன் கல்லூரி ஒன்றில் முறையாகப் படித்து முடித்திருக்க முடியாது. அவர்கள் படித்த செமினரியோ மாகாணத்துக்கு வெளியே, கடலுக்கு அப்பால் இருந்தது, 1855இல் மூடியும்விட்டார்கள். தாமோதரம் பிள்ளை அப்போது பெர்சிவல் பாதிரியாரின் தினவர்த்தமானியில் பணியாற்ற வந்து சென்னையில் இருந்தவர். ஆகவே அவர்கள் நுழைந்தது விலக்கின் வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறேன். அந்த உத்தரவை என் கண்ணால் பார்த்ததில்லை. இது காலக்கணக்கிலிருந்து எடுத்த ஊகமே. ஆனாலும் வேறு எந்த விளக்கத்துக்கும் இதைவிடக் குறைந்த ஆதாரமே இருக்கிறது. அப்படியானால் முதல் பட்டதாரிகள் பொதுவிதியின் தாராளத்தைக் காட்டவில்லை. விதிவிலக்கின் பயனைத்தான் காட்டுகிறார்கள். ஐயா அவர்களைத் தவறான பக்கத்தில் நிறுத்திவிட்டார்.

முத்துலட்சுமி ரெட்டி விஷயத்தில்தான் எனக்கும் அவருக்கும் அதிகத் தூரம். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பருவமடைந்ததும் பள்ளி நின்றது. வீட்டிலேயே பாடம் தொடர்ந்தது. 1902இல் மெட்ரிகுலேஷனைப் பிரைவேட்டாக எழுதித் தேறினார். பிரைவேட்டாகக் கட்டி எழுதினாள் என்று இன்றும் சொல்கிறோமே, அதே வழி. பிறகு மகாராஜா கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைத் தள்ளிவிட்டு இடம் கொடுத்தார். இதை வீட்டில் படித்தவரை ஏற்க மறுத்த கல்லூரியின் கதையாக ஐயா வாசித்தார். ஆனால் முதல்வரும் மற்ற மாணவர்களின் பெற்றோரும் சொன்ன காரணங்கள் இரண்டுதான்: அவர் பெண், அவருடைய தாயின் குலம். வீட்டில் படித்தவள் என்று யாரும் மறுத்ததாக நான் வாசித்த எந்த வரலாற்றிலும் இல்லை. மெட்ரிகுலேஷன் சான்றிதழில் குறை சொல்ல எதுவும் இருக்கவில்லை. மன்னர் திறந்த வாசல் பெண்ணுக்கானது; தனித்தேர்வருக்கான வாசல் முன்பே திறந்திருந்தது.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். தந்தை நாராயணசாமி ஐயர் அந்தக் கல்லூரியின் முதல்வர் என்று எழுதும் கட்டுரைகளே, முதல்வர் எதிர்த்தார் என்றும் எழுதுகின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையென்றால் தந்தையே மகளைத் தடுத்தார் என்றாகும். அவரோ மகளுக்கு வீட்டில் பாடம் நடத்தியவர். அவர் முதல்வராக இருந்தது அதற்கு முந்திய காலம் என்று கொண்டால் முடிச்சு அவிழ்கிறது. 1902க்கும் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த 1907க்கும் நடுவில் ஐந்து ஆண்டுகள். மெட்ரிகுலேஷனுக்கு அடுத்த எஃப்.ஏ. படிப்புக்கு இரண்டு போக மீதி எப்படிக் கழிந்தது என்பதை நான் தீர்த்துக்கொள்ளவில்லை.

1904க்குப் பின் கதவே இல்லை என்ற கருத்துக்கு இன்னொரு இடறலும் உண்டு. கணித மேதை இராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியையும் பச்சையப்பன் கல்லூரியையும் விட்ட பிறகு, 1907 டிசம்பரில் எஃப்.ஏ. தேர்வைத் தனியாக எழுதித் தோற்றார். சட்டம் வந்து மூன்று ஆண்டுக்குப் பின், மெட்ரிகுலேஷனுக்கு மேற்பட்ட ஒரு தேர்வில் தனித்தேர்வர் உட்கார்ந்திருக்கிறார். அவர் வீட்டிலேயே படித்தவர் அல்லர், இரண்டு கல்லூரிகளில் பெயர் பதிந்தவர் என்று ஐயாவின் பக்கத்தில் நின்று பதில் சொல்லலாம். புதிய விதிகள் அந்தத் தேர்வை இன்னும் தொடவில்லை என்றும் சொல்லலாம். இந்த இரண்டாவது பதிலை முழுதாக மறுக்க என்னிடம் ஆவணம் இல்லை. ஆகவே இராமானுஜனை என் வாதத்தின் தூணாக நிறுத்தவில்லை.

என் முடிபு இதுதான். பல்கலைக்கழகம் கோடு கிழித்தது வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையில் அன்று. மெட்ரிகுலேஷனுக்கும் அதற்கு மேலுள்ள படிப்புக்கும் இடையில். வீட்டில் படித்தவர் வாசல்வரை வரலாம். உள்ளே நடக்கக் கல்லூரியின் கையெழுத்தோ தனி உத்தரவோ வேண்டும். இந்தக் கோடு 1857இலும் உண்டு, 1904இலும் உண்டு.

கோடு அண்மையிலும் தெரிந்தது. 2018 ஜனவரியில் இந்திய மருத்துவக் கவுன்சில் தன் விதியைத் திருத்தி, மேல்நிலைப் படிப்பைத் திறந்தநிலைப் பள்ளியிலோ தனித்தேர்வராகவோ முடித்தவர்கள் நீட் எழுதத் தகுதியற்றவர்கள் என்றது. முத்துலட்சுமி ரெட்டி இன்று இருந்தால் மருத்துவராகியிருக்க முடியாது என்று சொல்லத் தோன்றும். அது சரியன்று. அவர் எஃப்.ஏ. படித்தது கல்லூரியில், தனியாக எழுதியது மெட்ரிகுலேஷனை மட்டும். 1904ஐப் போலவே 2018 விதியும் அவரைத் தடுத்திருக்காது. அந்தத் தடையை அதே ஆண்டு மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.